மெல்லப் பேசுறதும் கேக்கணும்

— படம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பேச்சு கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கே தம்பி. அடுத்ததைக் காட்டுங்க.

— சார், இந்தச் சுவத்துல மாட்டியிருக்கறதுல பாதியைப் பாத்துட்டீங்க. கடைக்கு வர்றவங்க எல்லாரும் படத்தைப் பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கண்ணை மூடிக்கிட்டு டிவி பாக்கறீங்க.

— அவர் அப்படித்தான் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார். கியர் மாத்துற சத்தத்துலயே ஆளை எடை போட்டுடுவார். என்னங்க, கொஞ்சம் கண்ணைத் தொறந்துதான் பாருங்களேன். வீட்டு டிவில மேல்பாதி கறுத்துப் போச்சு. நியூஸ் வாசிக்கிறவருக்குத் தலையே கிடையாது, டை மட்டும்தான் தெரியுது.

— தலையைப் பாத்து என்ன பண்ணப்போறே? நியூஸ் காதுக்குத்தானே வருது.

— வீட்டுல எல்லாரும் நியூஸ்தான் பாப்பீங்களா மேடம்?

— இவர் மட்டும்தான். மருமகளுக்குப் பாட்டு, பேரப்பசங்களுக்கு கார்ட்டூன். ஆளுக்கொரு ஃபோனை வச்சுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில சுருண்டு கிடக்குதுங்க. எல்லாரும் ஒரே சோபாவுல இடிச்சுக்கிட்டு உக்காந்து பாக்கணும் தம்பி. நெட்ல வர்ற தொடரெல்லாமும் அதுலயே வரணும்.

— அப்ப ஸ்மார்ட் டிவிதான் மேடம். வீட்டுல வைஃபை இருந்தாப் போதும், ஆப் எல்லாம் உள்ளேயே இருக்கு. ரிமோட்ல இந்தப் பட்டனை அமுக்கி வாயால சொன்னா அதுவே தேடிக் குடுத்துடும்.

— நாம சொன்னா கேக்குமா? அப்ப இதை எப்பவோ வாங்கியிருக்கணும் தம்பி. எங்க வீட்டுல இவ உட்பட யாரும் நான் சொல்லிக் கேக்கறதில்ல.

— கேக்கற மாதிரி நீங்க என்னைக்குச் சொன்னீங்க?

— சார், இதோ இந்தப் பெரிசைப் பாருங்க. தியேட்டரே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

— பிரேக் போடுங்க தம்பி. எங்க ஹால்ல சோபாவுலேர்ந்து ஒரு எட்டு வச்சா சுவத்துல மூக்கு இடிக்கும். இதை மாட்டினா, டென்னிஸ் பாக்கற மாதிரி கழுத்தைத் திருப்பிக்கிட்டே கிடக்கணும்.

— அதோட எதிர்லயே ஜன்னல் தம்பி. மத்தியான வெயில் நேரா விழும். இவ்வளவு பளபளப்பு இருந்தா படத்துக்குப் பதிலா என் மூஞ்சிதான் தெரியும்.

— அப்படின்னா இந்த நடு சைஸைப் பாருங்க மேடம். திரை பளபளக்காது, வெளிச்சம் அடிக்காது. ஸ்பீக்கரும் முன்பக்கம் பாத்து இருக்கு. சாருக்கும் பிடிக்கும்.

— அதுல ஏதாவது போடுங்க தம்பி. ம்ம்... அந்த வெளிநாட்டுத் தொடர் இருக்கே, பனி பெய்யற ஊர்ல ஒரு போலீஸ்காரம்மா துப்புத் துலக்குவாங்களே, அதையே போடுங்க. தமிழ்லயே பேசுவாங்க.

— ஓ, அதுவா. எங்க வீட்டுலயும் விடாம பாத்தோம் மேடம். மொதல் பகுதியிலேர்ந்து வைக்கறேன்.

— மொதல் பகுதி வேணாம் தம்பி. அதுல ஒரே காத்து, கார் இரைச்சல். நாலாவதுக்குப் போங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்தம்மா தன்னோட அப்பாகிட்ட மெல்லப் பேசும். அது தெளிவாக் கேட்டா மத்ததெல்லாம் தானாக் கேக்கும்.

— என்னங்க... நீங்க அதைப் பாத்தீங்களா?

— தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க.

— இருங்க தம்பி. ஏங்க, எப்பப் பாத்தீங்க? எங்கே?

— ஸ்கூல் கார்லதான். ஓட்டக் கத்துக்க வர்றவங்க லேட் பண்ணா, ஃபோனை டேஷ்போர்டுல சாய்ச்சு வச்சுக்குவேன். வெயில்ல படம் ஒண்ணும் தெரியாது. காதால கேட்டதுதான்.

— அந்தப் போலீஸ்காரம்மாவுக்கு யார் பேசறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

— அந்தக் குரலோட நான் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா? எனக்குத் தெரியாதா?

— யாரு மேடம் பேசறது?

— எங்க பொண்ணு தம்பி. பேங்க் வேலையை விட்டுட்டு டப்பிங் பேசப் போனா. யாரோ வாயசைக்க நீ பேசறதெல்லாம் ஒரு வேலையான்னு இவர் கேட்டுட்டார். அன்னைக்குப் பெட்டியைத் தூக்கினவதான். அப்பாவும் மகளும் பேசி வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த டிவி பேச்சையே நான் அதுக்குத்தான் கிளப்பினேன். ஹால்ல ஓடினா இவர் காதுலயும் விழுமில்ல.

— அது எனக்குத் தெரியாதா? டிவி கறுத்துப் போய் எத்தனையோ மாசம். அப்ப வராத அவசரம், இந்தத் தொடர் வந்த இந்த வாரம் உனக்கு வந்துச்சு.

— தெரிஞ்சும் ஏன் வாயைத் தொறக்கல?

— நீ பாட்டுக்கு அழகா ஓட்டிக்கிட்டு வந்தே. பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேணாம்னு இருந்துட்டேன்.

— சார், இதுல கேக்குதா?

— கேக்குது தம்பி. பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கூடக் கேக்குது. இதையே எடுத்துக்கறோம்.

— மூச்சு வரைக்கும் கேக்குதாம். ஒரு ஃபோன் போட்டு, நல்லாப் பேசறேம்மான்னு சொல்ல மட்டும் மனசு வராது. டிவில கேட்டாலே உங்களுக்குப் போதும், இல்ல?

— மேடம், சார்... டெலிவரி நாளைக்கு அனுப்பட்டுமா?

— நாளைக்கு ஆகாது தம்பி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் குடுத்துடுங்க. பொண்ணு வந்துக்கிட்டு இருக்கா. நீ சொல்றதுக்கு முன்னாடியே, காலையிலயே நான் கூப்பிட்டுட்டேன்.