ஏழாம் வீட்டின் சிவப்பு மை

மாலை நாலே முக்கால். நவம்பர் மாதம். சிஸ்லிதெரேயிலிருந்து மேலே ஏறும் பாதை உங்களுக்குத் தெரியும். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் ஓர் இரும்புப் பாலம். அதற்கப்பால் ஓர் ஈ காக்கை கிடையாது. மேலூரைக் காலி செய்து முப்பது வருடம் ஆகிறது.

அந்தப் பாலத்தில்தான் நெஜாத்தி வாத்தியார் காரை நிறுத்தினார்.

இது என் சிநேகிதன் துர்ஹானின் அக்காள் கணவருக்கு நடந்தது. துர்ஹானுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது நான் அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

சோளம் உரிப்பதை நிறுத்தாதீர்கள், கை பாட்டுக்கு வேலை செய்யட்டும். இத்ரீஸ், அடுப்பில் இன்னொரு கட்டை போடு. ஏன் சிரிக்கிறாய்? உனக்குக் காகிதத்தில் என்ன வயது? அறுபத்திரண்டு. நிஜத்தில் அறுபது. உனக்கு முன்னால் பிறந்து செத்துப்போன அண்ணனின் காகிதத்தில்தானே ஓடிக்கொண்டிருக்கிறாய். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இப்படி உண்டு. பனிக்காலத்தில் குழந்தை போய்விட்டால், அந்தச் சாவை எழுதிவைக்க இரண்டு நாள் நடந்து யார் பட்டணம் போவார்கள்? அடுத்தது பிறக்கும். அதே பெயர், அதே காகிதம்.

நெஜாத்தி வாத்தியாரும் அப்படி வந்தவர்தான். காகிதத்தில் அறுபத்து மூன்று, நிஜத்தில் அறுபத்தொன்று. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கடைத்தெருவில் விலைப்பலகை தப்பாக இருந்தால்கூட நின்று திருத்திவிட்டுத்தான் போவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திருத்தல் முழுவதும் முன்னோர் பக்கம் திரும்பியது. சர்க்கார் கணினியில் கிடைத்த வம்சாவளி நாலு தலைமுறையோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே போக சுல்தான் காலத்துப் பதிவேடுதான் வேண்டும். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். தலைநகரத்து ஆவணக் காப்பகத்திலிருந்து நகல்களை வரவழைத்தார்.

அந்தப் பதிவேட்டில் ஆண்கள் மட்டும்தான். பெண்கள் சும்மா மேகத்திலிருந்தா பிள்ளைகளை இறக்கினார்கள்? அதை எவனும் எழுதவில்லை. ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு வரி. ‘நடுத்தர உயரம், கருந்தாடி, வயது நாற்பது.’ தேடப்படும் திருடனுக்கு எழுதுகிற மாதிரி. ஆள் செத்தால் குமாஸ்தா அந்த வரியின் மேலேயே சிவப்பு மையால் ‘இறந்தான்’ என்று எழுதுவான்.

மேலூர், ஏழாம் வீடு. அதுதான் வாத்தியாரின் குடும்பம்.

ஏழாம் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் ஆள் எண்பது, தொண்ணூறு வரை இருந்திருக்கிறான். அத்தனை பேரும் செத்த அண்ணனின் காகிதத்தில் வாழ்ந்தவர்கள் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் கதை வேறு. ஒரு தகப்பன், மகனைப் பட்டாளத்துக்குப் பிடிக்க வந்தவர்களிடம், "மூத்தவன் ரெண்டு வயசுலயே போயிட்டான். இவன் சின்னவன், பத்தொன்பதுதான் ஆகுது" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். குமாஸ்தா மூத்தவன் வரியில் சிவப்பு மை போட்டான். கீழே இளையவனுக்குப் புதிதாக ஒரு வரி எழுதினான். அதே வாரத்துத் தேதியில் அந்த வரியிலும் சிவப்பு மை. நாற்பது வருடம் கழித்து இன்னொரு பதிவேட்டில், இன்னொரு தகப்பன், அதே உண்மை... அதே வாரம்.

வாத்தியார் இதைத் தன் மனைவி ஃபீகனுக்குக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது எனக்குப் பிடிக்கல நெஜாத்தி. மூடி வை."

"ரெண்டு உதாரணத்தை வச்சு ஒரு விதியைச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல அம்மை, காலரா..."

"விதி இல்லேன்னா எதுக்கு அந்தத் தாளைப் போட்டு இப்படித் தடவிக்கிட்டே இருக்க?"

அவர் தாளை மூடி வைத்தார். நான்கு நாள் கழித்துத் தன் அண்ணனின் சாவைப் பதியச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

"ஊர்ல அவனவன் வயசைக் கூட்டிக்கிட்டுச் சீக்கிரம் ஓய்வு வாங்குறான். நீ ஓய்வு வாங்கிட்டு வயசைக் குறைக்கிற. யாரைக் கட்டிக்கப் போற?" என்றாள் ஃபீகன். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை என்று துர்ஹான் சொன்னான்.

வாத்தியாருக்கு வேறொரு காரணம் இருந்தது. அவர் அம்மாவுக்கு ஒரு வழக்கம். இருட்டுகிற நேரத்தில் கதவைத் திறந்து வெளியே பார்த்து, "நெஜாத்தி!" என்று கூப்பிடுவாள். இவர் உள்ளே அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். "இங்கதாம்மா இருக்கேன்" என்பார். அம்மா திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரம் வெளியிலேயே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு கதவைச் சாத்துவாள். சாகும் வரை தினமும் அப்படித்தான்.

"அவ கூப்பிட்டது என்னை இல்ல, ஃபீகன். அவன் பொறந்தான், செத்தான், ஒரு இடத்துலயும் எழுதல. அவனுக்கு ஓதலாம்னு உக்காந்தா என் பேரே வாயில வருது. அவன் பங்கை அறுபது வருஷமா நான் சாப்பிட்டுட்டிருக்கேன்." இதைச் சொல்லும்போது அந்த மனிதர் அழுதார்.

சாட்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மேலூரின் கடைசித் தலைவர் ஹம்தி, இப்போது கீழே சிஸ்லிதெரேயில் இருக்கிறார். வசந்த காலத்தில் அவரையும் துர்ஹானையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் மேலே போய் அண்ணனின் கல்லறையைத் தேடினார். கண்டுபிடித்தும் விட்டார். பெரணிச் செடிக்கு நடுவே எழுத்தில்லாத இரண்டு கற்கள், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. வாத்தியார் குனிந்து, ஒரு கல்லிலிருந்து மறு கல் வரை கையை விரித்து அளந்தார்.

"வாத்தியாரே, கல்லறையைப் போய் யாராச்சும் அளப்பாங்களா? கையை எடுங்க," என்றார் ஹம்தி.

"நாலு சாண், ஹம்தி அண்ணே. வெறும் நாலு சாண்." நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஹம்தி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "சாட்சி சொல்றேன். அந்தக் குழந்தையை நான் என் கண்ணால பார்த்தேன், பொய் சொல்ல முடியாது. ஆனா அவனைச் செத்தவன்னு எழுதுற அன்னிக்கு நீங்க மேல வரக்கூடாது. இத்தனை நாளா அவன் பேர்ல நீங்க நடமாடறதாலதான் அவன் உறங்கிக்கிட்டிருக்கான்."

"சரிண்ணே," என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார்கள் இப்படிச் ‘சரி’ சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா.

தீர்ப்பு வந்தது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எழுதினார்கள். மூத்தவன் இறந்தான் என்று ஒரு வரி. இளையவனுக்குப் புதிதாக ஒரு வரி. வாத்தியார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக மலைக்கு வண்டியை விட்டார். அண்ணனிடம் சொல்ல வேண்டுமாம்.

பாலத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். ஃபீகன் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தாள். துர்ஹான் அங்கேதான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான். அதனால் இதற்கு இரண்டு பேர் சாட்சி.

"எழுதிட்டாங்க ஃபீகன்."

"சந்தோஷம். எங்க இருக்க?"

"பாலத்துல. சும்மா அஞ்சு நிமிஷம். போய் ஓதிட்டு வந்துடறேன்."

"திரும்பு. இப்பவே வண்டியைத் திருப்பு. ஹம்தி அண்ணன் என்ன சொன்னார்?"

"மூடுபனிதான்... வேற ஒண்ணுமில்ல. நடந்துட்டேதான் பேசறேன்."

கேட்டது. ஈர மண்ணில் கால் சொத சொதவென்று பதியும் சத்தம். மூச்சு வாங்குவது. பிறகு கால் நின்றது.

"ஃபீகன்... நீ பாலை அடுப்புல வச்சிருக்கியா?"

"இல்லையே."

"பால் அடிப்பிடிச்ச வாசனை வருது... இங்க."

ஃபீகன் கரண்டியை விட்டுவிட்டாள். மாமியார் வீட்டில் பால் எப்போதும் அடிப்பிடிக்கும். வாசலில் போய் நின்றுவிடுவாளே.

அப்போது போனுக்குள்... தூரத்தில்... மேலேயிருந்து ஒரு பெண்குரல்.

"நெஜாத்தி..."

ஃபீகனுக்கு அந்தக் குரல் தெரியும். பதினோரு வருடம் முன்னால் தன் கையால் குளிப்பாட்டி அனுப்பியவளின் குரல்.

வாத்தியார் மூச்சை இழுத்தார். பதில் சொல்லத்தான் வாயெடுத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொருவர் பதில் சொல்லிவிட்டார். வாத்தியாருக்கு மிக அருகில். அவர் இடுப்புக்கும் கீழே, முழங்கால் உயரத்திலிருந்து வருகிற மாதிரி. இப்போதுதான் பேசப் பழகுகிற மழலை.

"இங்கதாம்மா..."

துர்ஹான் போனைப் பிடுங்கிக் கத்தினான், "மச்சான்! ஓடுங்க!"

வாத்தியாரின் குரல் நிதானமாக வந்தது. பயம் இல்லை. அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்றான் துர்ஹான்.

"கையைப் பிடிச்சுக்கிட்டான், ஃபீகன். கை எவ்வளவு சில்லுன்னு இருக்கு... பாவம்."

அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் துர்ஹானும் ஹம்தியும் காவல்படைக்காரர்கள் இரண்டு பேரும் பாலத்துக்குப் போய்விட்டார்கள். கார் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருக்கையில் அந்த நோட்டுப் புத்தகம். அன்று பனித்தூறல், மண் வெண்ணெய் மாதிரி இருந்தது, தடம் எல்லாம் அச்சாகப் பதிந்திருந்தது. மேலே ஏறியது வாத்தியாரின் செருப்புத் தடம். பாதி வழியில் அதன் பக்கத்தில் இன்னொரு தடம் சேர்ந்துகொண்டது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். செருப்பு இல்லை. கம்பளியில் பின்னிய காலுறையின் பின்னல் வரி வரியாக விழுந்திருந்தது.

இரண்டும் சேர்ந்து கல்லறை மேடு வரை போயின. இறங்கி வந்தது ஒன்றுதான். சின்னது. அது கார் கதவு வரை வந்து, தார் ரோட்டில் ஏறி, கீழே ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

மூன்று நாள் தேடினார்கள். நாய் கொண்டுவந்தார்கள். ஓடையில் ஆள் இறக்கினார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் ஓய்ந்து கல்லறை மேட்டில் உட்கார்ந்தபோது, துர்ஹான் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். வசந்த காலத்து எழுத்து, வாத்தியாரின் அழகான கையெழுத்தில், ‘நாலு சாண்.’

அவன் பெரணிச் செடியை விலக்கினான். எழுத்தில்லாத அதே இரண்டு கற்கள். அடியில் அதே பழம்பாசி, ஒரு கீறல் இல்லை. மண்ணை யாரும் தொடவில்லை. நடுவே வேர்கள் பின்னிக்கிடந்தன.

ஹம்தி வேண்டாம் என்று தலையாட்டினார். துர்ஹான் கேட்கவில்லை. தலைமாட்டுக் கல்லில் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்தான். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. கால்மாட்டுக் கல் இன்னும் வரவில்லை. ஐந்து. ஆறு. எண்ணிக்கொண்டே தவழ்ந்து போனான்.

ஒன்பது சாண். வாத்தியார் நல்ல உயரம்.

இத்ரீஸ்... விரித்த கையை மடக்கிக்கொள்.