வி சிக்ஸ் வாங்கின மனுஷன்

அந்த நாற்காலியில வேணாம் ஐயா, அது வேற ஒருத்தருக்கு. இதுல உக்காருங்க, நிழலும் இங்கதான் இருக்கு. காரு ஊர்வலம் தொடங்கவே இல்ல, ஒம்போது மணிக்கே உட்வர்டு ரோட்டுல என்ன வெயில் பாத்தீங்களா. அட, அப்படிப் பாக்காதீங்க, நாற்காலிக்கு வாடகையெல்லாம் கேக்க மாட்டேன். அந்த ஹாட் டாக் வண்டிக்காரன்கிட்ட மட்டும் எதுவும் வாங்கிடாதீங்க. நேத்து மிஞ்சின கறிக்கொழம்பத்தான் சூடு பண்ணி மேல ஊத்தறான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

யாரையும் நம்பாத பொம்பளன்னு நெனைக்கறீங்க. அப்படியெல்லாம் இல்ல. மே மாசம் வரைக்கும் எல்லாரையும் நம்பினவதான் நான். என் வீட்டுக்காரர் எல்டன் ஒரு காரு வாங்கிட்டு வந்தார் பாருங்க, அன்னிலேருந்துதான் இந்தப் புத்தி. பேரக் கேட்டு ஏன் திரும்பறீங்க, ஊருல எல்டன்னு ஆயிரம் பேரு இருக்கான்.

உங்க தொப்பியப் பாத்தாலே தெரியுதே, நீங்க கமாரோ காரு பண்ற கம்பெனிக் கட்சின்னு. இன்ஜின் ஆலையா? முப்பத்தாறு வருஷமா? அடேயப்பா. அப்போ நீங்களும் நானும் பேசிக்கவே கூடாது. நான் எதிராளி கம்பெனியில மஸ்டாங் காருக்குக் கதவு மாட்டறவ. பத்தொம்போது வருஷமா மாட்டறேன். கை ரெண்டும் பாருங்க, ஆம்பள கை மாதிரி ஆயிடுச்சு.

இப்பச் சொல்லுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க. பொண்டாட்டி மஸ்டாங்குக்குக் கதவு மாட்டறா, புருஷன் கமாரோ வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தறான். உலகத்துல நடக்குமா? எங்க தெருவுல யாரு எங்க சம்பளம் வாங்கறாங்களோ அந்த ஆலை வண்டிதான் நிக்கும். பக்கத்து வீட்டுக்காரி காபிக் கோப்பையோட வெளிய வந்து, என்ன ரோவீனா, வீட்டுக்கு விருந்தாளியாங்கறா. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

பாக்க அழகுதான், நான் இல்லைங்கல. புதுசா வரைஞ்சவன் கைகாரன்தான். அந்த முன்பக்கமும் அகலமும், முறைச்சிக்கிட்டே நிக்குது. ஆனா ஜன்னல் என்னங்க அது? தபால் பெட்டி வாய் மாதிரி. உள்ள உக்காந்தா வெளிய தெரியாது. வெளிய நின்னா உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாது. முதல்ல இதப் பெரிசா நெனைக்கல. அப்புறம்தான் நெனைச்சேன்.

எங்க மஸ்டாங்கப் பாருங்க, அதையும்தான் புதுசாப் பண்ணாங்க. பின்னாடி விளக்கு மூணும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா எரியும். எந்தப் பக்கம் திரும்பறான்னு ஊருக்கே சொல்லிட்டுப் போற காரு. எல்டனுக்கு அது பிடிக்கலையாம். ரொம்ப ஆடம்பரமா இருக்காம்.

சரி, இன்ஜினுக்கு வருவோம், உங்க சமாச்சாரம். எல்டன் பொறந்ததுலேருந்து எட்டு சிலிண்டர், வி எய்ட்டுன்னு கத்தற ஆளு. ஆறு சிலிண்டர்ல ஓடறது தையல் மிஷின்ம்பார். நாங்க பழகறப்போ ரெண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தத்த வெச்சு எங்கம்மா கதவத் தாழ்ப்பாள் போடும். அந்த மனுஷன் வாங்கினது என்ன தெரியுமா? அதே ஆறு சிலிண்டர் வி சிக்ஸ். நானூத்திச் சொச்சம் குதிரை சக்தியில உங்க வி எய்ட்டு பக்கத்துலயே நிக்குது, இவரு வி சிக்ஸ எடுக்கறாரு. ஏன்னு கேட்டா, பெட்ரோல் மிச்சம்ங்கறார். சரி, பெட்ரோல்தான் கணக்குன்னா, எங்க புது வி சிக்ஸ் உங்களுதவிட ஒரு குதிரை அதிகம், மைலேஜும் அதிகம். முந்நூத்தி நாலுக்கு முந்நூத்தி அஞ்சு. சிரிக்காதீங்க, அந்த ஒண்ணும் ஒண்ணுதான். மஸ்டாங் எடுத்திருந்தா என் தள்ளுபடியும் கெடைச்சிருக்கும். அப்போ எதுக்கு கமாரோ?

பெட்ரோல் மிச்சம் எவனுக்கு வேணும்? வாராவாரம் தூரம் ஓட்டறவனுக்கு வேணும். சத்தம் இல்லாத வண்டி எவனுக்கு வேணும்? வர்றதும் போறதும் தெரியக் கூடாதவனுக்கு. இவரு லாரியில உதிரிபாகம் ஏத்திக்கிட்டுப் போறவர், வாரத்துல மூணு நாள் வெளியூர்லதான் தங்கல். காரு பாதி நாள் லாரி ஷெட்டுல சும்மா நிக்குதுன்னுதான் சொல்லுவார். ஆனா மூணு மாசத்துல மைல் கணக்கு ஓடின ஓட்டத்தப் பாத்தா தலை சுத்தும்.

இன்னொண்ணு கேளுங்க. அப்போ அந்தக் காருக்கு அவ்வளவு கிராக்கி. விலைச்சீட்டுல போட்டதுக்கு மேல குடுத்தாத்தான் சாவியவே காட்டினாங்க. இவருக்கு மட்டும் எப்படிக் கம்மியாக் கெடைச்சுது? தெரிஞ்சவங்க மூலமாங்கறார். உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு கம்பெனியிலயும் வழக்கம் ஒண்ணுதானே. வேலை பாக்கறவங்க, ரிடையரானவங்க, அவங்க குடும்பம், அவ்வளவு பேருக்குத்தான் தள்ளுபடி. யாரு தள்ளுபடி, வாங்கறவர் என்ன உறவுன்னு எழுதிக் குடுக்கணும். எங்க ரெண்டு பேரு சொந்தத்துலயும் உங்க ஆலையில ஒரு ஈ காக்கா கெடையாது.

ஜூன்ல ஒரு நாள் என் வண்டி மெக்கானிக்கிட்ட. லாரியிலேருந்து எல்டன் அன்னிக்குக் காலையிலதான் வந்து தூங்கறார். அவர எழுப்பாம கமாரோவ எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். புத்தி இருக்கா எனக்கு? எதிராளி கம்பெனி வண்டிய எங்க ஆலையில கிட்ட நிறுத்த விடமாட்டாங்களே. காவல்காரன் சிரிச்சிக்கிட்டே கைய நீட்டறான், கடைசிக் கோடிக்கு. அங்கேருந்து நடக்கணும் கால் மணி நேரம். மழை வேற கொட்டுது. குடை இருக்கான்னு காருக்குள்ள முன்னாடி இருக்கற சின்னப் பெட்டியத் திறந்தேன். குடை இல்ல. தள்ளுபடித் தாள்தான் இருந்தது.

இருங்க, சொல்றேன். உங்களுக்குப் பொண்ணு இருக்கா? ஒரே பொண்ணா. கல்யாணம் ஆயிடுச்சா? போன நவம்பர்லயா, சந்தோஷம். மூணாவது சனிக்கிழமை, இல்லையா? சும்மா ஒரு ஊகம்தான்.

போன நவம்பர்ல எல்டன் மான் வேட்டைக்குப் போனார். வருஷா வருஷம் போறதுதான், மிச்சிகன்ல எந்த ஆம்பள அந்த மாசம் வீட்டுல இருக்கான். பத்து நாள் கழிச்சு வந்தார். மான் இல்ல. பரவாயில்ல, கெடைக்கலன்னா கெடைக்கல. ஆனா புதுசா முடி வெட்டி, தாடி மழிச்சு, வாசனையா வந்தார். காட்டுல எந்த மான் ஐயா முடி வெட்டி விடும்? அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கல. பாவம், குளிருல அலைஞ்சு வந்திருக்காருன்னு சூப்பு வெச்சுக் குடுத்தேன்.

எந்திரிக்காதீங்க. உங்களுக்கு ரத்த அழுத்தம்னு உங்க பொண்ணு சொல்லுச்சு. ஆமா, பேசினேன். அந்தத் தாள்ல உங்க பேரு இருந்தது, டெலிபோன் புத்தகத்துல நம்பர் இருந்தது. டீலர் கடையிலேருந்து பேசறேன்னு பொய் சொன்னேன். உங்க பொண்ணு மரீட்டாதான் எடுத்தா. நல்ல குரலு, வெள்ளந்தியாப் பேசறா. சனிக்கிழமை அப்பா உட்வர்டுல டயர் கடை முன்னாடி இருப்பார், நானும் வீட்டுக்காரரும் பத்து மணிக்கு கமாரோவுல வந்துடுவோம்னு அவளே சொன்னா. அந்த வீட்டுக்காரர் என்கிட்ட இன்னிக்கு ஒஹையோவுக்கு லோடுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

உறவுங்கற எடத்துல மருமகன்னு நீங்கதானே எழுதினீங்க, மிஸ்டர் ப்ரூவர்? நீங்க பொய் எழுதல. உங்களுக்கு மருமகன்தான். எனக்கும் புருஷன்தான், இருபத்திரெண்டு வருஷமா.

அதோ, மஞ்சக் கலர்ல ஒண்ணு வருது பாருங்க. இங்கேருந்து பாத்தா உள்ள யாருன்னே தெரியல. கண்ணாடிய இறக்கட்டும், தெரியும்.

அந்த நாற்காலியக் கொஞ்சம் நிழலுக்கு இழுத்துப் போடுங்க. உங்க பொண்ணுக்குத்தான் கொண்டாந்தேன். கேட்ட உடனே கால் நிக்காது ஐயா. அன்னிக்கு எனக்கு உக்கார எடமில்ல, அந்தக் கடைசிக் கோடியில மழைத் தண்ணியிலதான் உக்காந்தேன்.