கொசுவும் கோந்தும்

உங்கள் மகனும் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டை ஆடுகிறான் என்று சொன்னீர்கள். அப்படியானால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள் மேடம், இருமுனை ஒளிவாள் கைக்கு வந்ததும் அதைச் சுற்ற வேண்டாம். புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. நடுவில் கைப்பிடி, இரண்டு பக்கமும் நீல வெளிச்சம், பார்க்க ஜோராக இருக்கும். உடனே மின்விசிறி மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். சுற்றச் சுற்ற சார்ஜ் இறங்கும். இறங்கிவிட்டால் இரண்டு முனையும் அணைந்து கையில் மிஞ்சுவது வெறும் தடி. அப்புறம் எதிராளி சாவகாசமாக வந்து வெட்டிவிட்டுப் போவான்.

ஒரு முனையை மட்டும் எரியவிட வேண்டும். பின்முனையை அணைத்தே வைத்திருக்க வேண்டும். அணைந்த முனை ஒன்று இருப்பதையே ஆட்கள் மறந்துபோவார்கள். லேசாக முதுகைக் காட்டினால், அசந்துவிட்டாள் என்று நினைத்து ஓடிவருவான். அவன் வந்து விழுகிற நேரம் பார்த்துப் பின்முனையை ஏற்ற வேண்டும், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டவெளியில் இந்த வேலை ஆகாது, தூரத்திலிருந்தே சுட்டுவிடுவார்கள். படிக்கட்டு, குறுகிய நடை, கதவோரம் என்று ஒடுக்கமான இடமாகப் பார்த்து ஆளை நைசாக இழுத்து வர வேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. தலை பாதி நரைத்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாருக்குமே தோன்றும். என் மகளுக்கு மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் நான் ஆடுவது அவளுக்குத் தெரியாது.

நான் கண் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளிகளை பெஞ்சில் உட்கார வைத்துச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்து, ஒரே சொட்டு. மற்றவர்கள் விட்டால் ஊரைக் கூட்டுகிற குழந்தைகள்கூட என்னிடம் அழாது. "உங்க கை பட்டா மட்டும் யாருமே கண்ண மூட மாட்டேங்கறாங்க, அது என்ன வசியமோ" என்று டாக்டர் கேலி செய்வார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

என் கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. கண்ணில் அழுத்தம் ஏறி, கடைசியில் இரண்டு கண்ணும் போய், சுவரைத் தடவித்தான் நடந்தார். நீங்கள் வேறு மாதிரி பார்க்க வேண்டாம், அவர் விஷயத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக வந்தது. கண் இருந்த காலத்தில் அந்த மனிதருக்கு வீட்டில் கால் தங்காது. கண் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கேயும் போவார். எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே இல்லாமல் இருந்தது அந்தக் காலத்தில்தான்.

பிறகு நானும் மகளும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காற்று வராது, சத்தம் மட்டும் வரும். கல்லூரியை முடித்ததும் மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டை வாசலில் வைப்பேன், காலித் தட்டை எடுப்பேன். உள்ளே வாய் ஓயாமல் பேசுவாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். எல்லாம் முகம் தெரியாத யாரோடோ. என்னைக் கண்டால் "ம்", "சரி", "அப்புறம்". பத்து மாதம் சுமந்தவளுக்கு இந்த மூன்று சொல்தான் மிச்சம்.

அதனால் நானும் அவள் ஆடுகிற விளையாட்டுக்குள் போனேன். மருத்துவமனைக் கணக்காளர் தள்ளிவிட்ட பழைய லேப்டாப்பை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தேன். குக்கர் விசில் அடிக்கும், நான் செத்துச் செத்து எழுந்துகொண்டிருப்பேன். சின்னப் பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் விடவில்லை. என் பெயர் அங்கே கோந்து. மகளுடைய பெயர் கொசு. அது அவளுக்குப் பொருத்தம்தான், எங்கே இருக்கிறாள் என்று தெரிவதற்குள் கடித்துவிட்டுப் பறந்திருப்பாள். அவள் ஆயுதம் அந்த இருமுனை வாள்.

அந்த வாளுக்குக் கூட்டாளி ரொம்ப முக்கியம். அது தன் ஆள், வேற்றாள் பார்க்காது, எட்டினால் யாரையும் வெட்டும். ஆகவே கூட்டாளி, வாள் பிடித்தவளின் இடது தோளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும். பக்கத்தில் போகவும் கூடாது, விட்டு விலகவும் கூடாது. மற்றவர்கள் ஆர்வக்கோளாறில் பக்கத்தில் போய் வெட்டுப்பட்டார்கள். நான் மட்டும் சரியாக நின்றேன். வளர்ந்த மகளோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அந்தத் தூரம் பழக்கம்.

"கோந்து, நீ செம ஆளுப்பா. இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே ஜோடி" என்றாள். மைக் ரிப்பேர் என்று சொல்லிவைத்திருந்தேன், எல்லாமே தட்டச்சுதான். அவளுடைய சிரிப்பு முதலில் சுவர் வழியாக வரும், ஒரு நொடி கழித்து ஹெட்போனில் என் காதுக்குள் வரும். அந்த ஒரு நொடிக்காகவே நான் வேலை முடிந்து ஓடி வருவேன். முதுகைக் காட்டி இழுக்கிற வித்தையை நானும் அவளும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் சொன்னாள். "கோந்து, ஒரு பெரிய டீம்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வேற ஊரு. தங்க இடம், சம்பளம் எல்லாம் தர்றாங்க. கடைசியா ஒரு தேர்வு ஆட்டம், அதுல ஜெயிச்சா போதும்."

"வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று தட்டினேன்.

"அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அழுதே காரியத்தக் கெடுத்துரும். கிளம்பிப் போனப்புறம் போன் பண்ணிச் சொல்லிக்கலாம். இங்க எனக்கு மூச்சு முட்டுது கோந்து. அது நல்ல அம்மாதான், ஆனா வீடு முழுக்க அதுவே நிக்குது."

"புரிகிறது" என்று தட்டினேன். அதற்கு மேல் ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சொல்ல ஆள் இல்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான், அவளைப் பற்றி அவளிடமே புலம்ப முடியாது.

திரையையே பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் உலர்ந்து எரியும். ஈரப்பதத்துக்கான சொட்டு மருந்தை மருத்துவமனையிலிருந்து நான்தான் கொண்டுவந்து, காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் விட்டுவிடுவேன். அதற்கு மட்டும் கதவு திறக்கும். அந்தக் குப்பியில் மருந்தை மாற்றினேன். பரிசோதனைக்காகக் கண்பாவையை விரியவைக்கிற மருந்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் தினமும் விடுவதுதான். கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும், நிறுத்தினால் சரியாகிவிடும். தேர்வு ஆட்டம் தவறிப்போனால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"அம்மா, எழுத்தே தெரியல. கண்ணு முழுக்கக் கறுப்பா இருக்கு, பாரேன்."

"ராப்பகலா அதையே பாத்துட்டிருந்தா வேற எப்படி இருக்கும்? டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், கண்ணுக்கு ஓய்வு குடுக்கச் சொன்னார். மருந்த மட்டும் விடாமப் போடணுமாம்."

டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அவளுடைய போனையும் கண்ணுக்குக் கெடுதல் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அறை ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். மேடம், அந்த நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெங்காயம் நறுக்க, சின்ன வயதுக் கதையெல்லாம் பேசினாள். மடியில் தலை வைத்துப் படுத்தாள். "எனக்குக் கண்ணு போயிருமாம்மா, அப்பாவுக்குப் போன மாதிரி?" என்று கேட்டு என் சேலையை நனைத்தாள். நான் தலையைக் கோதி, "அம்மா இருக்கேன்ல" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

ஆனால் தேர்வு ஆட்டத்தை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "நீ பக்கத்துல உக்காந்து யாரு எந்தப் பக்கத்துலேருந்து வர்றாங்கன்னு மட்டும் சொல்லும்மா. கை எனக்குத் தெரியும்." கோந்துவை வரச் சொல்லிக் கேட்டிருந்தாளாம், பதிலே இல்லையாம். எப்படி இருக்கும்? கோந்து அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

தப்பாகச் சொல்வது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். இடது என்றால் வலது, அவ்வளவு சுலபம். முதல் சுற்றில் அப்படியே செய்தேன், மகள் செத்தாள். வெட்டிய பையனும் இருமுனை வாள்காரன்தான். செத்துக் கிடந்தவளுக்கு மேலே நின்று அதை மின்விசிறி மாதிரி சுற்றினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளைப் பிடிக்கத் தெரியாத அரைவேக்காடு என் பிள்ளை மேல் நின்று கூத்தாடுகிறது. அந்த நேரத்தில் எனக்கு ஊரும் நினைவில்லை, வீடும் நினைவில்லை.

"படிக்கட்டுக்கு ஓடு. முதுகக் காட்டு. பின்முனைய அணைச்சுக்கோ. இரு, வரட்டும், இன்னும் வரட்டும். இப்ப ஏத்து."

அந்தச் சுற்றில் ஜெயித்தோம், அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். திரையில் அவள் பெயர் மேலே போனது. நான் கைதட்டிவிட்டேன்.

மகள் கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெரிய கறுப்புக் கண்ணில் என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. "முதுகக் காட்டறது எனக்கும் கோந்துக்கும் மட்டும்தாம்மா தெரியும்" என்றாள்.

"நீ ஆடறப்ப பாத்திருக்கேன்டி."

"கதவு சாத்தியில்ல இருக்கும்."

 அவள் சத்தமே போடாமல் கேட்டாள். "அப்ப கண்ணுக்கும் நீதானா?"

"என்ன பேச்சு இது? களைச்சுப் போயிருக்க, படு, மருந்து விடறேன்" என்றேன். என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆனால் பாவம், அன்றே வலி வந்துவிட்டது. தலையைப் பிளக்கிறது என்று சுருண்டாள், வாந்தி எடுத்தாள், விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றாள். அவளே தாழ்ப்பாளைத் திறந்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா, உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள். நான் ஈரத்துணியை நெற்றியில் போட்டு, ஒற்றைத் தலைவலிதான், தூங்கினால் போய்விடும் என்று சொல்லிப் பக்கத்திலேயே இருந்தேன். தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

அவளைத் தேர்ந்தெடுத்த டீமின் மேலாளர், ஒரு பெண்மணி, வாழ்த்துச் சொல்ல மறுபடி விளையாட்டு இணைப்பில் வந்திருக்கிறார். மகளுடைய மைக் அணைக்காமலே கிடந்திருக்கிறது. முனகலைக் கேட்டு அவர் என்னவென்று விசாரிக்க, நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மகள் முகவரியைச் சொல்லியிருக்கிறாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நான் திறந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் நின்றார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள், இப்படி ஆகும் என்று தெரியாதா என்று. மங்கினால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னேன், அது உண்மைதான். ஆனால் போன வருடம் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னிடம் சொன்னது, "இவளுக்கும் அப்பா மாதிரியே கண்ணுக்குள்ள வடிகால் குறுகல். பாவை விரியற மருந்து மட்டும் இவ கண்ணுல படவே கூடாது, பட்டா அழுத்தம் ஏறிப் பார்வை போயிரும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல." சொல்ல வேண்டியதில்லைதான். குப்பியில் ஊற்றும்போது அது எனக்கு நினைவிருந்தது. வலியில் துடித்தபோது, வலி குறையும் என்று சொல்லி மறுபடியும் விட்டேன். என் கையைத் தள்ளினாள். கண்ணைத் திறக்க வைத்து விட்டேன். தெரிந்துதான் விட்டேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வலது கண் போய்விட்டது, இடது கண் தப்பியது என்று சொன்னீர்கள். ஒற்றைக் கண்ணோடு அந்த டீமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னீர்கள். சந்தோஷம். மிச்சமிருக்கிற கண்ணுக்கு ஆயுசுக்கும் தினமும் மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராமே. தனக்குத்தானே விட்டுக்கொள்ள அவளுக்கு வராது மேடம், எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என்னைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள், அவள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது.