இரண்டு மணிக்கட்டுகள்

சர்க்கரை இல்லாத டீ கேட்டதும் வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி இன்ஸ்பெக்டர் மேடம். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். முப்பது வருடமாக நோயாளிகளின் சீட்டில் எழுதிப் பழகியதால் என் கையெழுத்து யாருக்கும் புரியும்.

என் பெயர் ரோசம்மாள். வயது ஐம்பத்து மூன்று. ஆரணியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். ஜெசி என் தங்கை, என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அவளுக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அடுத்த வருடமே அப்பாவும் போய்விட்டார். தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி அவளை வளர்த்தவள் நான். எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. உண்மையை எழுதச் சொன்னீர்கள், அதனால் இதையும் எழுதுகிறேன்.

ஜெசி வீட்டுத் தறியில் பட்டு நெய்தாள். போன வருடத் தொடக்கத்தில் அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி குறுகி, நரம்பு நசுங்குவதால் வருவது அது. டம்ளரைக் கீழே போட்டாள். ரவிக்கை கொக்கி மாட்ட முடியவில்லை. மறுபடியும் நான் அவளுக்குப் பின்னல் போட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். முதல் நாள் கூச்சப்பட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். எட்டு மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை இல்லை.

எட்டு மாதம் ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டீர்கள். எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளே கிளினிக்குக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் வேலூரிலிருந்து எலும்பு டாக்டர் தென்னரசு வருவார். அவர் மணிக்கட்டில் தட்டிப் பார்த்தார், கையை மடக்கச் சொன்னார், ஒரு ஊசி போட்டால் வீக்கம் இறங்கும் என்றார். நான்தான் மருந்தை ஏற்றிக் கொடுத்தேன்.

"ஏம்மா, விரலுக்குக் கரண்ட் மாதிரி ஓடுச்சுன்னா உடனே வாயத் தொறந்து சொல்லணும்," என்றார் அவளிடம். என்னிடம் திரும்பி, "ரோசம்மா, அப்படிச் சொன்னா ஊசி நரம்புமேல இருக்குன்னு அர்த்தம். வெளிய இழுத்துடணும். உள்ள மருந்து போச்சுன்னா நரம்பு செத்துடும்," என்றார்.

அவர் போட்ட ஊசி நன்றாக வேலை செய்தது. பத்தே நாளில் ஜெசி தன் தலையைத் தானே வாரினாள். கண்ணாடி முன்னால் நின்று பாடிக்கொண்டே வாரினாள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து சும்மா நின்றேன்.

டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தட்டு போட்டுப் பரிமாறிவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சேத்துப்பட்டுல டேவிட்ராஜ்னு ஒரு வாத்தியார். சம்சாரம் தவறிட்டாங்க. ரெண்டு வருஷமா பேசிகினு இருக்கோம். மே மாசம் கோயில்ல வச்சி கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு நெனச்சப்பதான் கை அப்படி ஆச்சு, அவருக்குப் பாரமா இருப்பேன்னு விட்டுட்டேன். இப்பதான் சரியாயிடுச்சே."

நல்லது என்றேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஜனவரியில் மரப்பு லேசாகத் திரும்பி வந்தது. டாக்டர் தென்னரசு மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தார். கல்யாணத்துக்குள் கை சரியாக வேண்டும் என்று ஜெசி பதறினாள். "நீதான் எத்தினி தடவ பக்கத்துல இருந்து பாத்திருக்க, நீயே போட்டுடுக்கா," என்றாள். அவள்தான் கேட்டாள். அவளே கையை நீட்டினாள். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் அலமாரியிலிருந்து அதே மருந்தை எடுத்துவந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜன்னல் ஓரமாக, நல்ல வெளிச்சத்தில் போட்டேன். கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அவள் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டேன். ஊசி உள்ளே போனதும் அவள் கை துள்ளியது.

"அக்கா, ஷாக் அடிக்குது. நடுவிரலுக்கு ஓடுது. எடுத்துடு."

எனக்குக் கேட்டது. வெளியே இழுத்துவிட்டு இடத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, மருந்து வேலை செய்யுது," என்று சொல்லி முழு மருந்தையும் உள்ளே செலுத்தினேன். மெதுவாகத்தான் செலுத்தினேன். அவள் கத்தியதில் எதிர்வீட்டு ஆதிலட்சுமி ஓடிவந்தாள். ஊசி என்றால் இவளுக்குப் பயம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அதன்பிறகு அந்த விரல்களுக்குச் சூடு தெரியவில்லை. கட்டைவிரல் மடங்கவில்லை, அதன் அடிச் சதை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. நோய் முற்றிவிட்டது, ஊசியை முன்னாடியே போட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். நான் சொல்லி அவள் நம்பாதது எதுவும் இல்லை.

டேவிட்ராஜ் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோலை உரித்துக்கொண்டே, "ஒரு கை போனா இன்னா, இன்னொண்ணு இருக்குதே. மே மாசம் மே மாசந்தான்," என்றார். ஜெசி இடது கையால் ஒரு சுளை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். அவர் சொன்னது சரிதான். இன்னொன்று இருந்தது.

எல்லா வேலையும் இடது கைக்கு வந்ததால் அதுவும் மரத்தது. கொஞ்சம்தான். வலது கையைத் தாமதப்படுத்தியதுபோல இதையும் விட்டுவிடக் கூடாது என்று நானே சொன்னேன். அவள் யோசித்தாள். "வலிக்காம போடுவியா?" என்று கேட்டாள். போடுவேன் என்றேன். அந்த முறை கதவைச் சாத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவளால் போனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டேவிட்ராஜுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னாள். "டாக்டர் வந்ததும் காட்டிட்டு சொல்றேன், அதுவரைக்கும் கோச்சிக்காதீங்கன்னு போடுக்கா," என்றாள். 'எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், இனி வராதீர்கள்' என்று போட்டேன். அவர் பதிலுக்கு அனுப்பிய எதையும் நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று தினமும் கேட்டாள். அழுதாள். நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். பல் தேய்த்துவிட்டு, குளிக்க வைத்து, ஊட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் ஓடிவந்து மறுபடி ஊட்டினேன். மூன்று வாரம். நான் இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் டேவிட்ராஜ் அந்த மெசேஜை நம்பாமல் கார் எடுத்துக்கொண்டு வந்து, அவளை வேலூருக்கு, ஊர் திரும்பியிருந்த டாக்டரிடமே அழைத்துப் போய்விட்டார். நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசி போட்டது யார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எங்கக்கா என்றிருக்கிறாள். ஷாக் அடித்ததைச் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். ரெண்டு தடவையும் சொன்னேன் என்றிருக்கிறாள்.

எனக்காக வந்த வக்கீல் அய்யாக்கண்ணு, கை தவறி நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் முப்பது வருடத்தில் என் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தப் பேர் எனக்கு வேண்டாம். வலது கையையும் இடது கையையும் தெரிந்துதான் செய்தேன். அவளுக்கு நான் வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

என்னைப் பார்க்க மாட்டேன் என்று ஜெசி சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். கோபம் இரண்டு நாளில் இறங்கிவிடும், எனக்கு அவளைத் தெரியும். அவள் கொடுத்த புகாரைக் காட்டினீர்களே, அதில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை இருந்தது. யாரோ அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். மை நாலு பக்கமும் அப்பியிருக்கிறது. நான் பிடித்திருந்தால் இப்படி அப்பியிருக்காது.