எடுக்கக் கூடாத போன்

"போன் வந்தா எடுத்துடாதம்மா, உங்கண்ணன் பயந்துடுவாரு," என்றார் எஸ்.டி.டி. பூத்காரர். பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றிருந்தேன்.

பக்கத்திலிருந்தவரிடம் பூத்காரரே விளக்கினார். "இவங்க அண்ணன் காசிக்கு யாத்திரை வேன் ஓட்டிக்கினு போயிருக்காருபா. சமையல், தூக்கம் எல்லாம் வேன்லயே, இங்கேர்ந்து கூப்பிட நம்பர் கெடையாது. காசு ஆவாம அவரு ரெண்டு ரிங் விட்டு வெச்சிட்டா, அங்க எல்லாரும் சௌக்கியம். வூட்ல கெட்டது நடந்தாதான் இங்க எடுக்கணும்."

மணி அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"அழாதண்ணா, யாருக்கும் ஒண்ணும் ஆவல. அண்ணிக்குப் பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க," என்று சிரித்தாள். "பின்ன எப்படிச் சொல்றது? நல்லது நடந்தா என்னா பண்றதுன்னு சொல்லாமயே வண்டிய எடுத்துக்கினு போயிட்டியே."