பழைய அட்டையும் பியட் கதவும்

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு, உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கார் கதை. கார் ஓட்டத் தெரியாதவங்களுக்கும் புரியும்... எனக்கே ஓட்டத் தெரியாது.

எங்க தெருவுல அபூபக்கர் பாய்னு ஒருத்தர் காருக்கு சீட் தைக்கிற கடை வச்சிருக்கார். அவர்கிட்ட ஒரு திங்கட்கிழமை சகாயம்னு ஒருத்தர் தன்னோட பழைய கறுப்பு பியட் காரைக் கொண்டு வந்தார். பின்னாலயே ஆட்டோவுல அவர் மனைவி ஜெசிந்தா அக்கா. நுரையீரல்ல நோய் வந்து எட்டு மாசம் படுத்து எழுந்தவங்க. ஆள் பாதியா இளைச்சிருந்தாங்க. மூடின வண்டியில உட்கார்ந்தா அவங்களுக்கு மூச்சு முட்டும். ஜன்னல் திறந்தே இருக்கணும்.

ஆனா அந்தக் கார் கதவு எப்படி இருந்துச்சு? கதவுக்கு உள்பக்கம், இரும்பை மறைச்சு, ரெக்ஸின் ஒட்டின அட்டை ஒண்ணு இருக்கும் இல்லையா... அது மழைத்தண்ணியில ஊறி உப்பிப் போயிருந்தது. அந்த உப்பலுக்கு மேல கண்ணாடி இறக்குற கைப்பிடியை மாட்டவே முடியல. கைப்பிடி இல்லைன்னா கண்ணாடி இறங்காது. கண்ணாடி இறங்கலைன்னா அக்கா வண்டியில ஏற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லுல அவங்க மகளோட குழந்தைக்கு ஞானஸ்நானம். பிறந்து ஆறு மாசம் ஆன பேத்தி. நோய் முழுசா போகட்டும்னு தள்ளியே இருந்தவங்க, அந்தக் குழந்தையை இன்னும் ஒரு தடவைகூட தூக்கினதில்லை.

பாய் சென்னையில புதுப்பேட்டைக்குப் போன் போட்டார். பழைய வண்டிச் சாமான் எல்லாம் அங்கதான கிடைக்கும்? ஒரு ஜோடி அட்டை பஸ்ல வந்து இறங்குச்சு. வச்சுப் பார்த்தா, வேற வருஷத்து வண்டியோடது. கைப்பிடி ஓட்டையே வேற இடத்துல இருக்கு.

"சரி விடுங்க, நானே செஞ்சிடறேன்"னார் பாய்.

உப்பின பழைய அட்டையைக் கழட்டினார். புது ஹார்டுபோர்டு மேல படுக்க வச்சார். சுத்திப் பென்சிலால கோடு போட்டார். வெட்டினார். ரெக்ஸின் ஒட்டினார். மாட்டினார்... உட்காரல. அட்டையைக் கதவு ஓட்டைகள்ல பிடிச்சு நிறுத்துற கிளிப், இந்தப் பக்கம் உள்ளே போனா அந்தப் பக்கம் வெளியே வருது. அமுக்கினா நடுவுல தொப்பை மாதிரி தள்ளுது.

மறுநாள் மறுபடியும். பழைய அட்டை, பென்சில், கோடு... உட்காரல. வெள்ளிக்கிழமை மூணாவது தடவை. உட்காரல.

சகாயம் அட்டையை உள்ளங்கையால அழுத்திக்கிட்டே சொன்னார்: "பாய், இப்படி ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே வந்தா திண்டுக்கல் போயிடலாம்."

"அப்போ வண்டியை யாரு ஓட்டுறது?"

"அதையும் நீங்களே ஓட்டிடுங்க. மூணு நாளா என் வண்டியிலதான குடியிருக்கீங்க."

பாய்க்குச் சிரிப்பு வரல. "முப்பது வருஷமா பழசை வச்சுத்தான் வெட்டுறேன் சகாயம். கோடு ஒரு நூல்கூட பிசகல."

அதுவரைக்கும் ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த ஜெசிந்தா அக்கா, தன்னோட ப்ளவுஸ் கையோரத்தைப் பிடிச்சுக் காட்டினாங்க. தொளதொளன்னு தொங்குது.

"அண்ணே, இது போன மாசம் தைச்ச புது ப்ளவுஸ். நோய் வர்றதுக்கு முன்னாடி போட்டிருந்ததை அளவுக்குக் குடுத்தேன். டெய்லர் அப்படியே தைச்சுக் குடுத்துட்டார். அவர் மேல தப்பில்ல. நான்தான் இப்போ அந்த அளவுல இல்ல."

பாய் அந்த ப்ளவுஸ் கையைப் பார்த்தார், கையில இருந்த அட்டையைப் பார்த்தார்.

"உப்பினது அட்டைதானே அண்ணே? கதவு உப்பலையே. கதவை அளந்தீங்களா?"

பாய் பழைய அட்டையை எடுத்துத் திருப்பிச் சுவத்துல சாய்ச்சு வச்சார். பழுப்புக் காகிதம் ஒண்ணை வெறும் கதவு மேல விரிச்சு ஒட்டினார். விரல்ல கிரீஸைத் தொட்டு, ஒவ்வொரு ஓட்டை மேலயும் காகிதத்தை அழுத்தித் தேய்ச்சார். ஓட்டை ஒவ்வொண்ணும் காகிதத்துல கறுப்பு வட்டமா விழுந்துச்சு. அதை வச்சு வெட்டினார்.

சனிக்கிழமை காலையில மாட்டினார். டக்... டக்... டக்... எல்லாக் கிளிப்பும் உள்ளே போச்சு. ஜெசிந்தா அக்கா உள்ளே உட்கார்ந்து, அவங்க கையாலயே கைப்பிடியைச் சுத்தினாங்க. கண்ணாடி இறங்குச்சு. காத்து வந்துச்சு. மறுநாள் சாயங்காலம் திண்டுக்கல்லுல இருந்து பாய்க்கு ஒரு போட்டோ வந்தது. தொளதொள ப்ளவுஸோட அக்கா, மடியில பேத்தி.

இந்தக் கதையை ஏன் இங்க, பாதியில விட்ட படிப்பை மறுபடியும் தொடங்கி, பத்தாவது எழுத வந்திருக்கிற நம்ம மத்தியில சொல்றேன்?

"அவளா, அவளுக்குக் கணக்கே வராது"ன்னு நம்மளைச் சொல்றவங்க இருக்காங்க இல்லையா... அவங்க எதை வச்சு அளக்கிறாங்க? வாய்ப்பாடு மறந்து பெஞ்ச் மேல நின்ன ஒரு நாளை வச்சு. பாதியில நின்ன ஒரு வருஷத்தை வச்சு. அது பொய்யில்ல. அந்த அட்டை நம்மகிட்ட இருந்து கழட்டினதுதான். ஆனா அது அப்போ நனைஞ்சு கிடந்த அட்டை.

அவங்களை விடுங்க. நாம எதை வச்சு நம்மளை அளக்கிறோம்? எட்டாவதுல நின்னதுக்கு அப்புறம், நானும் அதே அட்டையை வச்சுத்தான் மூணு வருஷம் கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். கோடு பிசகவே இல்ல... எதுவும் உட்காரவும் இல்ல.

அதனால நாளைக்கு வகுப்புக்கு வரும்போது, அந்தப் பழைய அட்டையைத் திருப்பிச் சுவத்துல சாய்ச்சுட்டு வாங்க. இன்னைக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு புதுசா ஒரு காகிதத்துல எழுதுங்க. தெரியாத இடத்துல கறுப்பா வட்டம் விழட்டும், பரவாயில்ல. கிளிப் மாட்டப் போறது அந்த வட்டத்துலதான்.