எதிர்ப்பக்கம் தள்ளுற வெளிச்சம்

இல்ல சார், அவன் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும், உக்காருங்க. ஆமா, என் சகலைதான். அக்காவ நான் கட்டினேன், தங்கச்சிய அவன் கட்டினான். வேலைக்கும் இங்கயே வந்தான், பக்கத்து மேசைக்கு. அவன் பரிசோதனைய இழுத்து மூடலாமான்னு கமிட்டி எங்கிட்டக் கேக்குறது எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. கேட்டுட்டீங்க, சொல்றேன்.

அந்தத் திரையில வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதா? கண்ணாடி மணி. தலைமுடிய ஐநூறா வகுந்தா அதுல ஒண்ணு. லேசர் வெளிச்சம் அத அந்தரத்துல புடிச்சு வெச்சிருக்கு. சும்மா இருக்காது, ஆடும். அந்த ஆட்டம்தான் அதோட சூடு. எப்படிக் குளுர வைக்கிறதா? ஊஞ்சல நிறுத்துற மாதிரிதான். எந்தப் பக்கம் போகுதுன்னு வெளிச்சமே காட்டிக் குடுத்துரும். உடனே எதிர்ப்பக்கமா லேசா ஒரு தள்ளு. இதுக்கு மேல அடங்காதுங்குற எடம் வரைக்கும் அடக்கிட்டா, அப்புறம் அது மணி மாதிரி நடந்துக்காது, அணு மாதிரி நடந்துக்கும். இங்கதான் இருக்குன்னு நீங்க அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த எடத்துக்குத்தான் சார் இங்க அத்தனை பேரும் நாயா அலையறோம்.

நான் பதினோரு வருஷமா தள்ளிட்டிருக்கேன். இவன் வந்த ரெண்டாம் வருஷமே மணியோட சூட்ட என்னவிட கீழ எறக்கிட்டான். பொறாமையா? சேச்சே. மாமனார் வீட்டுல பந்தியில உக்காந்தா, சின்ன மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வைம்மா, பாவம் உழைக்கிற புள்ளைம்பாங்க மாமியார். நான் என்ன லேபுல கொட்டாவியா விட்டுட்டிருக்கேன்? என் பொண்டாட்டியே, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்னா. எங்கிட்ட.

இந்த மூணு மாசமாத்தான் அவனுக்கு நேரம் சரியில்ல. மெஷினப் பிரிச்சு புதுசா கட்டினான். உள்ள காத்து இருக்குற வரைக்கும் மணி சமத்தா நிக்கும். பம்ப் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, திடீர்னு துள்ளி ஓடிரும். தினம் ஒண்ணு. பம்பக் கழட்டினான், கண்ணாடிய மாத்தினான், லேசரயே மாத்தினான். நேத்து அவன் பொண்ணு வந்து, பெரியப்பா, அப்பா சாப்புடாம தட்டையே பாத்துட்டிருக்காருங்குது.

திறமை இல்லையான்னா கேக்குறீங்க? இருக்கு சார். என்னவிட இருக்கு. எழுதிக்கங்க.

பேனாவ மூடாதீங்க. புதுசா கட்டினப்போ, வெளிச்சம் காட்டிக் குடுக்குற சிக்னலப் பெருசாக்க ஒரு டப்பா குடுங்கண்ணான்னான். குடுத்தேன். நானே செஞ்சது, மேல ஒண்ணும் எழுதியிருக்காது. அது பெருசாக்கும்போதே தலைகீழாவும் திருப்பிரும். எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியது, போற பக்கமே தள்ளும். காத்து இருந்தா காத்தே ஆட்டத்த அடக்கிரும், வெளிய தெரியாது. எல்லாத்தையும் கழட்டிப் பாத்தவன், அண்ணன் செஞ்சதாச்சேன்னு அத மட்டும் தொடல.

குடுக்கும்போது சொல்ல மறந்துட்டேன் சார். அது சத்தியமா நெசம். மறுநாள் காலையில, பல்லு விளக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு.